பை 5-இல் ரிஸ்க் ஓஎஸ்: கோளாறு அட்டையில் இல்லை

வணக்கம். எஸ்டி அட்டையில் மூன்று முறை எழுதியும் ராஸ்பெரி பை 5 என்ற சிறு கணினியில் ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளம் வரவில்லை, திரை கருப்பாகவே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நான்காவது முறை எழுத வேண்டாம். அட்டையும் நல்லது, நீங்கள் செய்த முறையும் சரி.

காரணம் சில்லில் இருக்கிறது. பை 5-இன் செயலியான கார்டெக்ஸ் ஏ76, 32 பிட் கட்டளைகளைச் சாதாரண நிரல்களுக்கு மட்டும்தான் அனுமதிக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 64 பிட்டில்தான் ஓட வேண்டும். ரிஸ்க் ஓஎஸ்ஸின் கெர்னலோ 1987-இல் ஏகார்ன் என்ற கணினி நிறுவனம் அதைத் தொடங்கிய காலத்திலிருந்து ஆர்ம் செயலிகளுக்கான அசெம்பிளி மொழியில் வளர்ந்தது, இன்றும் 32 பிட். "32 பிட் லினக்ஸ் மட்டும் இதே போர்டில் ஓடுகிறதே" என்றீர்கள். அங்கே அடியில் இருப்பது 64 பிட் கெர்னல், மேலே உள்ள நிரல்கள்தான் 32 பிட்.

ரிஸ்க் ஓஎஸ் ஓட, பை 4, பை 3, பை ஜீரோ 2 டபிள்யூ ஆகியவற்றில் ஒன்று கிடைத்தால் போதும். பழைய பை 3 இரவல் கிடைத்தாலும் தாராளமாக ஓடும், அவ்வளவு சிறிய சிஸ்டம் இது. 2024-இல் வந்த 5.30 பதிப்பையே போடுங்கள், வைஃபை அதில்தான் வந்தது. பை 4 என்றால் மின்இணைப்புக்குப் பக்கத்தில் உள்ள எச்டிஎம்ஐயில் திரையை மாட்டுங்கள்.

சக்கரத்தை அழுத்தக்கூடிய மவுஸ் கட்டாயம் வேண்டும். மெனு எல்லாம் நடுப் பொத்தானில்தான் திறக்கும். நான் முதல் நாள் அது தெரியாமல் தவித்தேன்.