அம்மம்மாவின் பூப்போட்ட பீங்கான்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது அம்மம்மா சேலையில் சுற்றிக் கொண்டுவந்த பெரிய பீங்கான் ஒன்று இருக்கிறது. நடுவில் சிவப்புப் பூ, பச்சை இலை, விளிம்பில் நீலக் கோடு. அடியில் ஸ்பிங்ஸ் உருவமும் ‘பி. ரெகூ, மாஸ்ட்ரிக்ட், மேட் இன் ஹொலண்ட்’ என்ற எழுத்தும். ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்று அம்மம்மா சொல்லுவா. பழைய சாமான் கடைக்காரர் 3000 ரூபாவுக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மம்மா மன்னிக்கட்டும், ஒல்லாந்தர் காலம் இல்லை. அவர்கள் 1796இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெட்ருஸ் ரெகூ பிறந்ததே 1801இல், மாஸ்ட்ரிக்ட் நகரில் அவர் பீங்கான் செய்யத் தொடங்கியது 1836இல். அதிலும் ‘மேட் இன் ஹொலண்ட்’ என்று ஆங்கிலத்தில் இருப்பதால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டுச் சாமான்தான். 1899இல் கம்பனிக்கு ‘ஸ்பிங்ஸ்’ என்று பெயர் மாறிய பிறகும் ரெகூவின் பெயரை முத்திரையில் விடாமல் போட்டார்கள், ஆகவே பெயரை வைத்து வயதைக் கூட்டிவிடாதீர்கள். ஒல்லாந்தர் காலத்தில் வந்தவை என்றால் பெரும்பாலும் நீலமும் வெள்ளையுமான சீன, ஜப்பானியப் பீங்கான்கள், சிலவற்றின் நடுவில் வி.ஓ.சி. என்ற ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி அடையாளம் இருக்கும் (நம்முடைய வ.உ.சி. அல்ல!).

சரி, உங்களுடையது என்ன? சொல்வதைப் பார்த்தால் ஹொலண்ட்காரர் ‘பூரன்பொன்ட்’ என்று சொல்லும் நாட்டுப்புறப் பூ வேலை. கையால் தீட்டியதா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். தூரிகை வேலையென்றால் இதழின் ஒரு முனையில் நிறம் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் போகும், ஒரு இலை மற்ற இலை மாதிரி இருக்காது, விளிம்புக் கோடு ஓரிடத்தில் தன்னையே மிதித்துக்கொண்டு முடியும். அச்சு ஒட்டியதென்றால் பொடிப் புள்ளிகள் தெரியும். ஒரே பூ அச்சுக் குத்தினாற்போலத் திரும்பத் திரும்ப வந்தால் அது வெட்டிய கடற்பஞ்சால் ஒற்றியது, அதுவும் கைவேலைதான்.

அப்புறம் விரல் நுனியில் நிறுத்தி நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணிபோலக் கேட்டால் நல்லது, ‘டொக்’ என்றால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல், விலை விழும். மெருகில், அதாவது மேலே கண்ணாடிபோல இருக்கும் பூச்சில், வலைபோல ஓடும் மெல்லிய வெடிப்பு வேறு, இந்த வயதில் அது வருவது சகஜம். பளிச்சென்று ஆக்குகிறேன் என்று பிளீச்சில் மட்டும் ஊறவைத்துவிடாதீர்கள், அது வெடிப்புக்குள் இறங்கி மெருகையே உரித்துவிடும்.

விலைக்கு வருவோம். கடைக்காரர் சொன்னது அவர் வாங்கும் விலை, விற்கும் விலை வேறு. அதே முத்திரை, அதே அளவுள்ள ஒன்று கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்று இன்னும் இரண்டு கடையில் கேளுங்கள், விற்காமல் கிடப்பதன் விலைச்சீட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இலட்சக்கணக்கில் வராது. நானாயிருந்தால் சுவரில் மாட்டுவேன். மெருகில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.