கேண்டிடா ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று என்று அர்த்தமா?

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு ஐசியுவில் இருக்கும் அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை, கேண்டிடா ஐஜிஜி (ஒரு வகை ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறீர்கள். மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறவளாகச் சொல்கிறேன்: அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஆரோக்கியமானவர்களின் வாயிலும் குடலிலும்கூடச் சாதாரணமாக இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கி வைத்திருக்கும். ஆகவே நோயே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் வரும். என்னை அதிகம் பயமுறுத்துவது இதற்கு நேர்மாறானது. கீமோதெரபி எடுப்பவர்களுக்கு இந்தத் தொற்று வரும் ஆபத்து அதிகம். ஆனால் போதுமான ஆன்டிபாடி தயாரிக்க அவர்கள் உடம்பில் தெம்பு இருக்காது. நெகட்டிவ் என்று நிம்மதியாக இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதற்காக ஆன்டிபாடி டெஸ்ட் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற இனத்தைச் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) போட்டு 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், முளைகட்டிய பயறு மாதிரி ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒரு குழாய் நீளும். திசுவைத் துளைத்துப் போக அது எடுக்கிற வடிவம் இதுதான். ஸ்பெயினின் பாஸ்க் பகுதி ஆய்வாளர்கள் இந்த முளைக்குழாயைக் குறிவைத்தே ஒரு டெஸ்ட்டை வளர்த்தெடுத்தார்கள். முதலில் நோயாளியின் சீரத்தை, சூட்டில் கொன்ற சாதாரண ஈஸ்ட் செல்களோடு கலப்பார்கள். பழைய பழக்கத்தில் வந்த ஆன்டிபாடிகள் அவற்றில் ஒட்டிக் கழிந்துவிடும். மிச்சமிருப்பது முளைக்குழாயில் ஒட்டி மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிர்ந்தால், சந்தேகம் வலுக்கும். அப்புறம் கேண்டிடாவின் செல்சுவரில் உள்ள மன்னான் என்ற பொருளையும் (ஆன்டிஜென்) அதன் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்ப்பது ஒன்று உண்டு. 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், தனித்தனியாக 60 சதவீதத்துக்கும் குறைவான நோயாளிகளைக் கண்டுபிடித்தவை, சேர்ந்தபோது 83 சதவீதத்தை எட்டின.

இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடிப்படை, ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ப்ளட் கல்ச்சர்தான். அதுவும் பாதிப் பேரைத் தவறவிடும். ரத்தம் குறைவாக எடுத்தால் இன்னும் மோசம். பெரியவர்களுக்கு மொத்தம் 40 முதல் 60 மில்லி வேண்டும், அதைப் பல பாட்டில்களில் பிரித்துப் போடுவார்கள். பூஞ்சையின் செல்சுவர்ப் பொருளை ரத்தத்தில் தேடும் பீட்டா டி குளுக்கன் டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் கேண்டிடா இல்லை என்று ஓரளவு நம்பலாம். பாசிட்டிவை அப்படி நம்ப முடியாது, டயாலிசிஸும் ஆபரேஷனில் வைக்கும் காஸ் துணியும்கூட அதை ஏற்றிவிடும்.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: கல்ச்சருக்குப் போதுமான ரத்தம் எடுத்தார்களா? சென்ட்ரல் லைனை (பெரிய ரத்தக் குழாயில் போட்டிருக்கும் ட்யூபை) மாற்ற வேண்டுமா? ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் கேஸ்போஃபங்கின் மாதிரி பூஞ்சைக்கு எதிரான மருந்தைத் தொடங்கலாமா? கல்ச்சரில் கேண்டிடா வளர்ந்தால் கண் டாக்டரும் ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும், அதையும் மறக்காமல் கேளுங்கள்.