மந்திரவாதிகளின் படைக்கணக்கு

வணக்கம் அண்ணா,

நான் எழுதும் நாவலில், பர்கூர் மலைக்குள் ஒரு மந்திரவாதிக் கூட்டம் மறைந்து வாழ்கிறது. மொத்தம் 3000 பேர். கடைசிப் போரில் 2000 பேர் அணிவகுக்கிறார்கள், 600 பேர் சாகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் நாயகனுக்குக் கல்யாணம். கதையைப் படித்துப் பார்த்த நண்பன் படைக்கணக்கைப் பார்த்துச் சிரிக்கிறான். மந்திரக் கதைக்கு இவ்வளவு கணக்கு வேண்டுமா?

ம., கோபி

அன்புள்ள ம.,

நண்பர் சிரித்தது சரிதான்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வரி நோட்டில் 212 தலைக்கட்டு. வரி பாக்கியில்லாமல் வந்துவிடும். போன நோம்பியில் ராத்திரி பத்து மணிக்குச் சப்பரம் தூக்க நின்றவர்கள் 19 பேர். ஒருவர் திருப்பூரில் நைட் ஷிப்ட், ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவர் தறியை விட்டு வர முடியாது. இன்னொருவர், "அடுத்த நோம்பிக்குக் கண்டிப்பா தூக்கறனுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே நழுவினார். நோட்டை வைத்துச் சப்பரத்தைத் தூக்க முடியாது.

உங்கள் 3000 பேரும் சராசரியாக 75 வயது வரை இருக்கிறார்கள் என்று வையுங்கள். வயதுக்கு 40 பேர். 18 முதல் 50 வரை எண்ணினால், ஆணும் பெண்ணும் சேர்த்து 1280தான். 2000 எங்கிருந்து வந்தது? தொட்டில் பிள்ளையையும் பாட்டியையும் சேர்த்துவிட்டீர்கள் போல.

ஹாரி பாட்டர் வாசகர்களுக்கும் இந்த 40 பழக்கமானது. அவன் படிக்கும் மந்திரப் பள்ளியின் விடுதி அறையில் அவனையும் சேர்த்து அவன் வகுப்புப் பையன்கள் 5 பேர். பெண்களும் அதே அளவு என்றால், பள்ளியின் 4 இல்லங்களுக்கு (மாணவர் பிரிவுகள்) வருடம் 40 பேர், 7 வருடத்துக்கு 280. கதையை எழுதிய ரௌலிங்கோ ஒரு பேட்டியில், பள்ளியில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்றார். இரண்டும் ஒட்டாது. சிறியதை நம்பினால் மொத்த மந்திர சமூகமே உங்கள் மலை மாதிரி 3000 பேர், நம் பக்கத்துப் பெரிய கிராமம் அளவுதான்.

சரி, 1280 பேரும் வருவார்களா? மாட்டுப் பட்டியை யார் பார்ப்பது, ராகிக்கு யார் களை எடுப்பது? மந்திரத்தில் சோறு வருமா என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். ரௌலிங் வராது என்று விதியே வைத்துவிட்டார். வராது என்றால் படை சுருங்கும். 1740இல் பிரஷ்யா என்ற பழைய ஜெர்மானிய அரசு, ஏறக்குறைய 22 லட்சம் மக்களை வைத்துக்கொண்டு 80,000 பேர் படையைத் தீனி போட்டு வளர்த்தது. ஐரோப்பாவே வாயைப் பிளந்த விகிதம் அது. உங்கள் மலைக்கு அதே விகிதம் போட்டால் 110 பேர் வரும். வீட்டு வாசலிலேயே சண்டை, ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றால் ஐந்நூறு பேரைக்கூடக் கிளப்பலாம். கையில் கோல் இருக்கிற கிழவியும் வருவாள். அப்புறம் ஒரு வாரம் அவர்களை நிறுத்திவைத்தால் பயிர் காயும்.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது படையைவிடச் சாவைப் பற்றித்தான். ஹாரி பாட்டரின் கடைசிப் போரில் அவன் பக்கம் ஐம்பது சொச்சம் பேர் சாகிறார்கள். படிக்கும்போது சின்ன எண். 3000 பேரில் அது நூற்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் உலகப்போரில் பிரான்ஸ் நான்கு வருடத்தில் இழந்தது நூற்றுக்கு மூன்றரை. அந்த விகிதத்தில் பாதியை ஹாரி பக்கத்தார் ஒரே ராத்திரியில் கொடுத்திருக்கிறார்கள். உங்களுடையது 600, நூற்றுக்கு இருபது. திடகாத்திரமான ஆட்களில் ஏறக்குறைய பாதி. மலையில் இழவு விழாத வீடே இருக்காது. அந்தக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாற ஆள் எங்கே பிடிப்பீர்கள்?