பச்சை ஆற்றைப் பார்க்க மதியத்துக்கு மேல் போங்கள்

கேள்வி: சிகாகோ புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 7 வயதும் 4 வயதும். செயின்ட் பேட்ரிக்ஸ் டேக்கு சிகாகோ ஆறு பச்சையாவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பெரியவள் நச்சரிக்கிறாள். கூட்டம், குடித்துவிட்டு ஆடுகிறவர்கள் என்று கணவர் தயங்குகிறார். வார இறுதியை எப்படி வைத்துக்கொள்ளலாம்?

பதில்: அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் போகிற நேரத்தை மாற்றினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

செயின்ட் பேட்ரிக்ஸ் டே என்கிற ஐரிஷ் திருநாள் மார்ச் 17. அது சனிக்கிழமையில் வராத ஆண்டுகளில், அதற்கு முந்தைய சனிக்கிழமையே ஆற்றில் சாயம் போடுகிறார்கள். காலை 10 மணிக்கு பிளம்பர்கள் சங்கத்தார் படகில் வந்து, கொலம்பஸ் டிரைவுக்கும் ஸ்டேட் தெருவுக்கும் இடையே பொடியைத் தூவுவார்கள். பொடி ஆரஞ்சு நிறம். தண்ணீரில் விழுந்ததும் பச்சை. கழிவுநீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க வைத்திருந்த சாயத்தில் பிறந்த யோசனை இது. 1962-ல் 100 பவுண்டு கொட்டியதில் ஆறு ஒரு வாரம் பச்சையாகவே கிடந்ததாம். இப்போது போடுவது தாவரச் சாயம், அதுவும் ஏறக்குறைய 40 பவுண்டுதான். ஆனாலும் அன்று மாலைவரை நிறம் நிற்கும்.

அதனால் 10 மணிக்கு அங்கே நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிரான்ட் பார்க்கில் நகர ஊர்வலம் 12:15-க்குத் தொடங்கும். கூட்டத்தில் பெரும்பகுதி அங்கே நகர்ந்துவிடும். 12:30 வாக்கில் யூனியன் ஸ்டேஷனில் இறங்கி, கழிப்பறை வேலையை அங்கேயே முடித்துக்கொண்டு, ஆற்றோரமாகக் கிழக்கே நடங்கள். சின்னவனோடு முக்கால் மணி நேரம் ஆகும். பொடி தூவுவதையே பார்க்க வேண்டும் என்று பெரியவள் அடம்பிடித்தால், 9 மணிக்குள் கொலம்பஸ் டிரைவ் அருகே, ஆற்றையொட்டிய அப்பர் வாக்கர் சாலையில் கம்பியோரம் இடம் பிடிக்க வேண்டும். மிச்சிகன் அவென்யூ பாலம் வேண்டாம். பெரியவர்களின் முதுகுதான் தெரியும். ஆற்றுக் காற்று எலும்பில் இறங்கும், தொப்பியும் கையுறையும் கட்டாயம்.

நகர ஊர்வலத்தை விட்டுவிடுங்கள். ஞாயிறு மதியம் 12-க்கு வெஸ்டர்ன் அவென்யூவில், 103-ஆம் தெருவிலிருந்து 115 வரை போகும் சவுத் சைட் ஐரிஷ் ஊர்வலம்தான் உங்களுக்கு ஏற்றது. 1979-ல் 17 பிள்ளைகள் தெருவைச் சுற்றி நடந்ததில் தொடங்கியது அது. குடித்துவிட்டு வந்த கூட்டத்தால் 2010, 2011-ல் நின்றுபோய், 2012-ல் மதுவுக்குக் கடும் தடையோடு திரும்பியது. லாசால் தெரு நிலையத்தில் ராக் ஐலண்ட் தடத்து ரயில் பிடித்து 103-இல் இறங்கி மேற்கே நடந்தால் போதும்.

வெளியே போக முடியாத மழையென்றால் வீட்டில் ஐரிஷ் ரொட்டியான சோடா பிரெட். மைதா 4 கப், சமையல் சோடா 1 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், மோர் ஒன்றே முக்கால் கப். ஈஸ்ட் கிடையாது, மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்துதான் மாவை எழுப்பும். மோர் இல்லையென்றால் தயிர் போதும், ஆனால் நேற்றுத் தோய்த்த தயிரில் புளிப்புப் போதாது. நன்றாகப் புளித்த தயிர் 1 கப்பை முக்கால் கப் தண்ணீரில் கடைந்து ஊற்றுங்கள். நம் கை சும்மா இருக்காது, சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையும். அப்படிச் செய்தால் ரொட்டி கல்லாகிவிடும். ஒன்றுசேர்ந்ததும் நிறுத்தி, உருட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போடுங்கள். கீறல் இல்லாவிட்டால் நடுப்பகுதி வேகாது. இதைப் பெரியவளிடம் விடலாம். மாவைக் காத்திருக்க வைத்தால் சோடாவின் வாயு போய்விடும், அதனால் ஓவனை முன்பே 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்கி, உடனே உள்ளே தள்ளுங்கள். 35 முதல் 40 நிமிடம். அடியில் தட்டினால் பொள்ளென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் இன்னும் 5 நிமிடம்.

அலங்காரத்துக்குக் காகிதத்தில் ஷாம்ராக் (அயர்லாந்தின் சின்னமான இலை) வெட்டினால் மூன்று இலை. கடைகளில் தொங்கும் நாலு இலை வேறு, அது அதிர்ஷ்டத்துக்கு.