கொன்வென்டா, இன்டர்நெஷனலா?

அன்புள்ள ஐயா,
மகளுக்கு வருகிற பெப்ரவரி 2இல் நாலு வயது முடிகிறது. நாங்கள் சைவர்கள். மனைவிக்குக் கொன்வென்டில் சேர்க்க ஆசை, எனக்கு இன்டர்நெஷனல். அம்மாவோ "பக்கத்திலேயே சைவப் பள்ளிக்கூடம் இருக்கே" என்கிறா. எதைப் பார்த்து முடிவெடுப்பது?
எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,
மூவரும் பள்ளிக்கூடத்தின் பெயரிலேயே நிற்கிறீர்கள். மகள் எந்தச் சோதனை எடுக்கப் போகிறாள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இலங்கையில் 1960, 61 சட்டங்களோடு, அரச உதவி பெற்றுச் சமய அமைப்புகள் முதலியோர் நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசிடம் போயின. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்கவும் வழியில்லாமல் போனது. அதனால்தான் இன்டர்நெஷனல்கள் கம்பனிகளாகப் பதிவாகின. அங்கே நீங்கள் வாடிக்கையாளர்: சேர்க்கைப் பணத்தில் எவ்வளவு திரும்பும், விலக எத்தனை தவணைக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அங்கே பிள்ளைகள் எடுப்பது பெரும்பாலும் லண்டன் சோதனை, அதாவது பிரித்தானியப் பாடத்திட்டப் பரீட்சைதான். இங்குள்ள அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறத் தேவையான இசட் புள்ளியோ (தரப்படுத்திய மதிப்பெண்) உள்ளூர் உயர்தரப் பரீட்சையில் கிடைப்பது. "பிறகு மாற்றலாம்" என்பார்கள். ஏழாம் தரத்தில் மாறும் பிள்ளை கணிதத்தில் தப்பிவிடும். தமிழில் வரலாறு எழுதும்போதுதான் முழிக்கும்.

கொன்வென்டில் முதலாம் தரத்துக்குத் தமிழ் மொழிமூல வகுப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எல்லாவற்றிலும் இல்லை. கத்தோலிக்கப் பாடசாலை என்றால் ஞானஸ்நானச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் உள்ளவர்களுக்கே முன்னுரிமை. இடம் கிடைத்தாலும் சைவநெறிக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பாடம் நேரசூசியில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளை அந்த நேரத்தை நூலகத்தில் கழித்துவிட்டு, பத்தாம் தரத்தில் ரியூசன் தேடும். கோயில் அறநெறி வகுப்பு நல்லதுதான், ஆனால் அது பாடத்திட்டத்தை முடித்துத் தராது.

என்னைக் கேட்டால் அம்மா சொல்வதற்கே முதலிடம். ஐந்தாம் தரம்வரை தமிழில் படிக்கட்டும். உங்கள் ஆங்கில ஆசைக்கு, ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிப்பிக்கும் இருமொழி வகுப்பு அங்கே நடக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். பெயரளவில் இருந்தால் போதாது. எந்தெந்தப் பாடம், யார் படிப்பிக்கிறார் என்று கேளுங்கள்.

இன்னொன்று. அரசு விதிப்படி, சேரும் வருடத்து ஜனவரி 31இல் 5 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் மகள் இரண்டு நாளில் தவறவிடுகிறாள், ஆகவே ஒரு வருடம் பிந்தும். அந்த இடைவெளிக்கு மட்டும் இன்டர்நெஷனலில் போடச் சொல்லி யாராவது வருவார்கள். பாலர் பாடசாலையிலேயே இன்னொரு வருடம் இருக்கட்டும்.