வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ‘நான்கு தீவிரப் பாடல்கள்’ வேதாகம வசனங்கள்தானே, ஏன் விசுவாசப் பாட்டாக ஒலிப்பதில்லை?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வசனங்களை அவர் பொறுக்கிய விதம் அப்படி. 1896-ல் எழுதிய இவற்றில் இயேசுவின் பெயரோ உயிர்த்தெழுதலோ கிடையாது. முதல் இரண்டும் பிரசங்கி நூலின் 3, 4-ஆம் அதிகாரங்கள்: மனுஷனுக்கும் மிருகத்துக்கும் ஒரே முடிவு. மூன்றாவது சீராக் நூலின் 41-ஆம் அதிகாரம். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் பொதுவாக இந்நூல் இராது, கத்தோலிக்கப் பதிப்பை எடுங்கள். ‘மரணமே’ என்ற விளி முதலில் மூன்றாம் இடைவெளியில், அதாவது இரண்டு சுரம் தள்ளி, இறங்கும். துன்பப்படுகிறவனுக்கு மரணம் இதம் என்னுமிடத்தில் அது ஆறாம் இடைவெளியாக, அதாவது ஐந்து சுரம் தள்ளி, ஏறி, சோகச் சாயலுள்ள ஈ மைனர் சுரவரிசை ஒளிமிக்க ஈ மேஜராகிவிடும். அபாரமான இடம்! வெற்றிப் பாட்டுபோல முழங்கினால் கெட்டுவிடும். ஏறும் முன்பே மூச்செடுத்து மெல்லப் பாடுங்கள். நான்காவது 1 கொரிந்தியர் 13. ‘அன்பு நீடிய சாந்தமுள்ளது’ பகுதியை அதிலும் விட்டுவிட்டார்.