சால்மன்பெரி காய்க்காதது ஏன்? மழைக்காட்டுச் செடிகள் பற்றிக் கேள்வி-பதில்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரை நீளும் குளிர்ப்பகுதி மழைக்காட்டுச் செடிகள் பற்றி வந்த கேள்விகள் இவை.

சியாட்டிலில் எங்கள் வேலியோரச் சால்மன்பெரி (ராஸ்ப்பெரி இனத்துப் புதர்) தளதளவென்று இருக்கிறது. இரண்டு வருடமாகப் பழமே இல்லையே?

எப்போது வெட்டுகிறீர்கள்? சென்ற ஆண்டு வளர்ந்த தண்டில்தான் இது பூக்கும். டிசம்பரில் தரையோடு வெட்டினால் வசந்தத்தில் இலை வரும், பூ வராது. பழம் முடிந்த பிறகு, ஜூலையில், முற்றிய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியோடு எடுங்கள்.

வெட்டவே இல்லையென்றால் பூக்கும் பருவத்து மழையைச் சந்தேகிக்கலாம். மார்ச், ஏப்ரலில் விடாமல் குளிர்மழை பெய்தால் தேனீ வெளியே வராது. மெக்சிகோவிலிருந்து அந்தச் சமயத்தில் திரும்பும் ரூஃபஸ் ஹம்மிங்பேர்டு என்ற தேனுண்ணும் சிறு பறவைதான் ஓரளவு ஈடுகட்டும். சிறு மணிகள் சேர்ந்ததுதான் இந்தப் பழம்; ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக மகரந்தம் சேர வேண்டும். அரைகுறையாகச் சேர்ந்தால் நாலைந்து மணிகளோடு கோணலாக நிற்கும்.

பழம் ஆரஞ்சு நிறத்திலேயே இருக்கிறது. சிவக்கும்வரை காத்திருக்கணுமா?

வேண்டாம். சில புதர்கள் ஆரஞ்சாகவும் சில சிவப்பாகவும் பழுக்கும். அது பிறவி நிறம். லேசாக இழுத்ததும் காம்பை விட்டு உருவிக்கொண்டு வந்தால் பழுத்தது.

சால்மன்பெரி பறிக்க ஜூன் கடைசியில் போனோம், பள்ளத்தாக்கில் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

மலை ஏறுங்கள். 120 மீட்டர் உயரத்துக்கு வசந்தம் சுமார் 4 நாள் தாமதமாகும் என்பது அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918-இல் வகுத்த கணக்கு. 600 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 20 நாள் கிடைக்கும். பனி தேங்கும் வடசரிவில் இன்னும் தாமதம்; வெயில் விழும் தென்சரிவில் கணக்கு முந்திவிடும். ஏற மனமில்லை என்றால் கீழேயே வேறு காட்டுப் பழங்களுக்குப் பொறுத்திருங்கள்: ஜூலையில் சிவப்பு ஹக்கிள்பெரி, ஆகஸ்டில் சலால் பழுக்கும்.

ஓசோபெரிப் புதர் பிப்ரவரியிலேயே பூத்துக் கொட்டுகிறது. காய் மட்டும் இல்லை.

பெரும்பாலும் ஆண் செடியாக இருக்கும். இதில் ஆணும் பெண்ணும் வேறு வேறு செடி. பூவைப் பிரித்துப் பாருங்கள்: 15 மகரந்தத் தாள்கள் செழிப்பாக நின்றால் ஆண், அவை சிறுத்து, நடுவில் 5 பச்சைச் சூலகங்கள் இருந்தால் பெண். பெண் செடிதான் என்றால், அருகில் ஓர் ஆண் செடி வையுங்கள். நாற்று வாங்கும்போது பூத்திருக்கும் சமயத்தில் போனால்தான் பார்த்து வாங்க முடியும். காய் பிடித்தாலும் பறவைகள் முந்திக்கொள்ளும், நீலமாகப் பழுக்கும்வரை விடாது.

மார்ச்சில் சேற்றில் மஞ்சள் மடலோடு நாறும் பூ எது? அதன் கிழங்கு தின்னலாமா?

ஸ்கங்க் கேபேஜ். அந்த நாற்றம் சிறு வண்டுகளை அழைக்கத்தான். நம் சேம்பின் குடும்பம்; கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் நிறைந்தது. சேனை அரிப்பதே பரவாயில்லை என்று தோன்றிவிடும். தொடாதீர்கள்.